கிளாம்ப்புக்கு அடியில் இருந்த துரு

முதலில் வந்தது வாசனைதான். வடைச் சட்டியில் எண்ணெய் காய்ந்து கருகினால் வருமே, அந்த மாதிரி. கூடவே கொஞ்சம் ரப்பர் வாடை. பின் சீட்டில் இருந்த மகள், "அப்பா, யாரோ பஜ்ஜி போடுறாங்க" என்றாள். 2024 ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையத்துக்குப் பக்கம். வழி நெடுக வேப்பிலையும் கூழ்ப் பானையும் விறகடுப்பும்தான். பஜ்ஜியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பி இன்னும் இருநூறு மீட்டர் ஓட்டினேன்.

ஊத்துக்கோட்டைக்கும் பெரியபாளையத்துக்கும் நடுவே, ஆரணியாற்றை ஒட்டி நண்பனுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதற்குப் போக ஆற்று மணலில் கொஞ்ச தூரம் இறங்கி ஏற வேண்டும். சென்னையில் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு அதுதான் வருஷத்தில் நாலைந்து முறை கிடைக்கிற திருவிழா. மற்ற நாளெல்லாம் வேளச்சேரி நூறடி ரோட்டில் முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். அன்று மணலில் லோ கியர் போட்டு அரை மணி நேரம் உழுதுவிட்டு, கரை ஏறி வரும்போதுதான் இந்த பஜ்ஜி வாசனை.

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் நானே தனியாகப் போட்டது. அதைப் பார்த்தேன், எப்போதும் போல நின்றது. சிவப்பு விளக்கும் எரியவில்லை. என்னை ஏமாற்றியது இந்த மீட்டர்தான். ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலருக்குப் போகிற குழாயில், லைன் என்போம், சின்ன ஓட்டை விழுந்து ஆயில் கொட்டிக்கொண்டிருந்தாலும், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் இருக்கும் வரை பம்ப் உறிஞ்சித் தள்ளிக்கொண்டே இருக்கும். மீட்டர் முள் அசையாது. ஆயில் மட்டம் இறங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும்போதுதான் முள் படுக்கும். அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் மோசம். பல வண்டிகளில் பிரஷர் அரை பாருக்கும் கீழே போன பிறகுதான் எரியும். அது எரிந்ததைப் பார்த்து, ஓரம் கட்டலாமா, நிழல் எங்கே என்று யோசிப்பதற்குள் பேரிங் உரசியிருக்கும்.

என்னை நிறுத்த வைத்தது கண்ணாடியில் தெரிந்த நீலப் புகை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மகளை முதலில் இறக்கிவிட்டேன். இன்ஜின் ஆயில் 220, 230 டிகிரி வாக்கில் பற்றிக்கொள்ளும் ஆவியை விட ஆரம்பிக்கும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஏற்றத்தில் அதையெல்லாம் தாண்டிச் சுடும். அதில் ஆயில் சொட்டினால் வெறும் புகையோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தீயணைப்பான் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்த பிறகுதான் முழுசாகத் தூக்கினேன்.

ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் நுனி மட்டும் நனைந்திருந்தது. வந்த வழியில் மணலில் ஒரு கறுப்புக் கோடு. ஆற்றை அழுக்காக்கிவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது. பிறகு நண்பனும் நானும் மண்வெட்டியால் அந்த மணலை வாரி இரண்டு உரச் சாக்கில் கட்டினோம்.

என் வண்டியில் ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் ஒரு அடாப்டர். அதிலிருந்து இரண்டு லைன் முன்னால் போகும், ஒன்று போக, ஒன்று வர. இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ், நடுவில் சேசிஸை ஒட்டி இரும்புக் குழாய். குழாயைப் பிடித்து நிறுத்த, உள்ளே ரப்பர் வைத்த கிளாம்ப் இரண்டு இடத்தில். இந்த மாதிரி அமைப்பில் ரப்பர்தான் முதலில் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வருஷா வருஷம் ரப்பரையும், ரப்பர் இரும்போடு சேரும் இடத்தில் இருக்கும் அந்த நசுக்கிய உறையையும் தடவிப் பார்ப்பேன். ஈரம் இருக்காது. திருப்தியாக எழுந்து கை கழுவிவிடுவேன்.

ஓட்டை விழுந்தது கிளாம்ப்புக்கு நேர் அடியில். கிளாம்ப்பைக் கழற்றியபோது உள்ளே இருந்த ரப்பர், ஈரமான களிமண்ணைப் பூசியது போல இருந்தது. துடைத்தால் குழாயைச் சுற்றிலும் துரு, நடுவில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. விரல் அகலம் தள்ளிப் போனால் குழாய் பெயின்ட் போகாமல் புதுசாக இருக்கிறது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த வண்டி எங்கள் தெருவில் ஒன்றரை நாள் பம்ப்பர் அளவுத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாம் மாற்றினேன், பிரேக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கிளாம்ப்புக்கு உள்ளே புகுந்த சாக்கடைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. கடற்காற்று வேறு. எட்டு மாதத்தில் குழாயைத் தின்றுவிட்டது.

நண்பன் சொன்ன யோசனை எளிமையாக இருந்தது. "மச்சான், ரெண்டு வாயையும் போல்ட் போட்டு அடைச்சுடு. கூலர் இல்லாம மெதுவா வீட்டுக்குப் போயிடு." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக்கை அவனே போன் போட்டு வரவழைத்தான். அறுபது வயது இருக்கும். ஆடி ஞாயிறு, வீட்டில் கூழ் ஊற்றுகிற நாள், வரமாட்டார் என்று நினைத்தேன். நெற்றியில் மஞ்சளோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். போல்ட் யோசனையைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இந்த ஆயிலு எங்கேந்து எங்க போவுது, தெரியுமா சார்?"

ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டார். பம்ப்பிலிருந்து கூலருக்கு. கூலரிலிருந்து திரும்பி வந்து ஃபில்டருக்கு. ஃபில்டரிலிருந்துதான் இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க், கேம் தண்டுகளுக்கும் டர்போவுக்கும். "நடுவுல அடைச்சீங்கன்னா கிராங்குக்கு யாரு குடுப்பா? நாலு கிலோமீட்டர்கூடப் போவ மாட்டீங்க."

சில அடாப்டர்களில் உள்ளேயே ஒரு வால்வு இருக்கும். கூலர் அடைத்துக்கொண்டால் ஆயில் அதைத் தள்ளித் திறந்துகொண்டு நேராக ஃபில்டருக்குப் போய்விடும். தெர்மோஸ்டாட் வைத்த அடாப்டரும் உண்டு, அதில் ஆயில் சூடேறும் வரை கூலர் பக்கம் பெரிதாகப் போகாது. அந்த மாதிரி இருந்தால் அடைப்பது பற்றி யோசிக்கலாம். என் வண்டியில் உள்ளே வால்வு இருக்கிறதா, இருந்தால் பத்து வருஷத்துக்குப் பிறகு அது திறக்குமா என்று அந்த மணலில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. போகிற வாயையும் வருகிற வாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் எந்த அமைப்பாக இருந்தாலும் ஆயில் ஓடும். இதைத்தான் அவர் செய்தார். லூப் அடிப்பது என்று சொல்வார்கள்.

அவர் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோட்டோர வேலையில் நான் பார்த்த மிக நேர்த்தியான வேலை அது. இரண்டு லைனையும் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்கே போனோம். இரும்புக் குழாயை நல்ல இடத்தில் ஹாக்ஸாவால் அறுத்தார். டீசலில் கழுவி, கம்ப்ரசர் காற்று அடித்து, துணி விட்டு இழுத்து, உள்ளே ஒரு பொடி இல்லாமல் பார்த்துக்கொண்டார். அப்புறம் காஸ் வெல்டிங் தீயில் பித்தளை ராடு வைத்து, ஒவ்வொரு குழாயின் முனையிலும் மோதிரம் போல ஒரு வளையம் சுற்றிவிட்டார். "வழவழன்னு இருந்தா ஹோஸு வழுக்கிட்டு வந்துடும். இந்த மேடு இருந்தா க்ளிப்பு பின்னாடி போயி உக்காந்துக்கும்." பழைய டிராக்டரின் ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் ஒரு துண்டு, ஆயிலுக்கென்றே செய்தது. அதை மடங்காமல் பெரிய வளைவாக வளைத்து இரண்டு குழாயையும் இணைத்தார். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு க்ளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கமாக. நடுவில் தெலுங்கில் வீட்டுக்காரம்மாவிடம் ஏதோ கத்தினார். எங்களுக்குக் கூழ் வந்தது, கருவாட்டுக் குழம்போடு.

வண்டியில் நான் எப்போதும் ஐந்து லிட்டர் ஆயில் கேன் வைத்திருப்பேன். மூன்றரை லிட்டர் போனது. இன்ஜினைக் கிளப்பும் முன் டீசலைத் திறந்துவிடும் ஃப்யூல் சோலினாய்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பத்து விநாடி, நிறுத்தி மறுபடி பத்து விநாடி என்று செல்ஃப் மட்டும் அடித்தோம். பிரஷர் முள் எழுந்த பிறகுதான் ஒயரை மாட்டினோம். காலி லைனோடு அப்படியே கிளப்பினால் முதல் சில விநாடிகள் டர்போவும் பேரிங்குகளும் ஆயில் இல்லாமல் சுற்றும். இந்தச் சின்ன வேலையை அவசரத்தில் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பி வந்தது ஐம்பதில். ஏசி கிடையாது. ஜனப்பன்சத்திரத்தில் ஒரு முறை, செங்குன்றம் தாண்டி ஒரு முறை, கோயம்பேட்டுக்குப் பக்கம் ஒரு முறை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். சொட்டு இல்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். மறு வாரமே புது லைன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். எனக்கோ ஆபீஸ் இருந்தது, சோம்பல் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் ஊர் முழுக்க ஆலோசனை இருந்தது. "கூலரே தேவையில்லை சார், லூப்பிலேயே விட்டுடுங்க, லீக் ஆகுற சாமான் ஒண்ணு குறையும்" என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஆயில் கூலரே கிடையாது. ஆபீஸ், வீடு, காய்கறிச் சந்தை என்று ஓடுகிற வண்டி லூப்பில் பல காலம் ஓடும்.

சரி, அளந்துதான் பார்ப்போமே என்று சம்ப் ட்ரெய்ன் போல்ட் இடத்தில் வெப்பம் பார்க்கும் சென்சர் ஒன்று போட்டேன். ஓஎம்ஆர் போக்குவரத்தில் ஆயில் 100 டிகிரியைச் சுற்றியே நின்றது. ஒன்றும் மோசமில்லை. ஆயில் நூறு டிகிரிக்குப் போவது நல்லதுதான், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிவிடும். வண்டலூர் வெளிவட்டச் சாலையில் தொண்ணூறில் அரை மணி ஓட்டினால் 118. அப்புறம் நண்பன் தோப்பு மணலில் லோ கியரில் இருபத்தைந்து நிமிடம்: 132, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். ஐட்லிங்கில் வழக்கமாக 1.2 பார் காட்டுகிற முள் 0.7க்குக் கீழே ஊசலாடியது. சூடேறிய ஆயில் தண்ணீர் மாதிரி இளகிவிட்டது என்று அர்த்தம். மணலில் வண்டி வேகம் பத்து கிலோமீட்டர், இன்ஜின் சுற்றுவது மூவாயிரம். எதிர்க் காற்று இல்லை, டர்போ முழு வேலை. ஆயில் கூலர் வைத்ததே இந்த அரை மணி நேரத்துக்குத்தான். எனக்கு வண்டி இருப்பதும் இந்த அரை மணி நேரத்துக்குத்தான். அதனால் என் கணக்கில் லூப் என்பது வீடு சேரும் வரைதான்.

இந்த முடிவுக்கு வருவதற்குள் இன்னொரு முட்டாள்தனமும் நடந்தது. டிராக்டர்க்காரர் போட்ட ஹோஸ் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். கறுப்பாக, பளபளவென்று ஒரு புது ஹோஸை மாட்டிவிட்டார்கள். மூன்றாவது வாரம் க்ளிப் பக்கத்தில் ஈரம். கழற்றினால் ஹோஸ் முனை ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பி, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. அது ரேடியேட்டர் தண்ணீருக்கான ஹோஸ். அந்த ரப்பர் இபிடிஎம் வகை, வெந்நீரையும் கூலன்டையும் வருஷக் கணக்கில் தாங்கும், ஆயில் பட்டால் உப்பிவிடும். ஆயிலுக்கு நைட்ரில் ரப்பர் வேண்டும். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே தடிமன், கடையில் ஒரே ஆணியில் தொங்கும். மேலே அச்சடித்திருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அச்சே இல்லாத ஹோஸை வாங்கவே கூடாது. டிராக்டர்க்காரரின் அசிங்கமான ஹோஸை டிக்கியில் தூக்கிப் போட்டிருந்தேன், நல்லவேளை. அதையே திரும்ப மாட்டினேன்.

மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அக்டோபரில் கிளம்பினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் என் மாடலுக்கான லைன் கையிருப்பில் இல்லை. ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. புதுப்பேட்டையில் ஒரு ஜோடி பழைய லைன் கிடைத்தது. வாங்கி வந்து கிளாம்ப் இடத்தைத் தேய்த்துப் பார்த்தால், அதுவும் அதே இடத்தில் அதே துரு. அந்தக் காசு வீண் என்று சொல்லமாட்டேன். என் லைனை அறுத்துவிட்டதால் நீளம், வளைவு, முனைத் திருப்பம் எதற்கும் மாதிரி இல்லாமல் இருந்தது. அந்தப் பழைய ஜோடிதான் மாதிரி ஆனது.

அதை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கும், அதாவது ஹோஸை அறுத்து முனைகளைப் பிரஸ்ஸில் நசுக்கி மாட்டித் தரும் கடைக்குப் போனேன். ஜேசிபிக்கும் பிரஸ் மெஷினுக்கும் ஹோஸ் அடிப்பவர்கள், காரென்றால் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். "எவ்ளோ பிரஷர்?" என்றார் கடைக்காரர். அதிகபட்சம் ஐந்தாறு பார் என்றேன். சிரித்தார். அவர் கையில் இருந்த அரை இன்ச் ஒற்றைப் பின்னல் ஹோஸ், 100ஆர்1 என்று சொல்வார்கள், 160 பாரைத் தாங்கும். பிரஷர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதன் மேலேயே 100 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கிறது. எனக்கு 130ஐத் தொட்ட அனுபவம் இருக்கிறது என்றதும் முகம் மாறியது. அப்போதுதான் உட்காரச் சொன்னார். நம் வேலையில் ஹோஸைக் கொல்வது சூடுதான். எனக்கு வேண்டிய சூட்டைத் தாங்கும் நைட்ரில் வகை ஒன்று எடுத்துத் தந்தார். இன்னும் செலவழித்தால் உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்டது இருக்கிறது, 200 டிகிரியையும் தாண்டித் தாங்கும். டெஃப்லான் ஹோஸ் ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான், திரும்ப நிமிராது. என் வண்டியில் வளைவு அதிகம், அதனால் நைட்ரிலே போதும் என்று முடிவெடுத்தேன். நடுவில் இருந்த இரும்புக் குழாயே வேண்டாம், முழு நீளமும் ஹோஸாகவே அடித்துவிடலாம் என்பது அவர் யோசனை. துருப்பிடிக்க ஒன்றும் இருக்காது. அதை ஏற்றுக்கொண்டேன்.

மரை விஷயத்தில் அவர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். பழைய முனையைக் காலிபரில் அளந்து, பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) என்றார். கண்ணாலோ விரலாலோ சொல்லக் கூடாதாம். 16 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டும் எட்டில் மூன்று இன்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் அளவு) மரையும் கையில் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். ஒன்றை ஒன்றில் திருகினால் இரண்டு சுற்று போகவும் போகும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினிய அடாப்டர் மரையோடு போச்சு. டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். டேப் கிழிசல் ஆயிலில் போய் எங்கே உட்காரும் என்று அவர்களுக்குக் கவலை இல்லை போலிருக்கிறது.

இரண்டு முனையும் எல்போ, அதாவது வளைந்த முனை என்றால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது முக்கியம். பிரஸ்ஸில் நசுக்கிய பிறகு திருப்ப முடியாது. திருப்பி மாட்டினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும், முறுக்கின ஹோஸ் சீக்கிரம் போய்விடும். பழைய லைனை மேஜை மேல் படுக்க வைத்து சாக்பீஸில் கோடு போட்டு அதன்படி அடித்தார். நீளத்தில் மூன்று விரல் கூடுதல் விட்டார். இன்ஜின் தன் மவுன்டிங்கில் ஆடும், கூலர் பாடியோடு நிற்கும், பிரஷர் ஏறினால் ஹோஸ் நீளமும் கொஞ்சம் மாறும். இழுத்துக் கட்டினால் முனையில்தான் விடும். வளைவு அரை இன்ச் ஹோஸுக்கு ஏழு இன்ச் ஆரத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னார். இரண்டு ஹோஸ், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். வாங்கிக்கொண்டு உடனே மாட்டிவிடக் கூடாது. ஹோஸ் அறுக்கும்போது உள்ளே விழுந்த ரப்பர்த் தூள் இருக்கும். பெட்ரோல் விட்டுக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணி விட்டு இழுத்தேன். முதல் முறை துணி கறுப்பாக வந்தது.

மாட்டும்போது கூலரின் அலுமினியக் கழுத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் நட்டை இறுக்க வேண்டும். ஒற்றை ஸ்பேனரில் இறுக்கினால் கழுத்து திருகிக்கொண்டு கூலரே கிழியும். லைன் மாற்றப் போய் கூலரை மாற்றிய கதைகள் நிறைய. அடாப்டர் பக்கம் செம்பு வாஷர் புதிது போட்டேன். பழையதைத் தணலில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெத்தென்று ஆகி மறுபடி உதவும், அவசரத்துக்கு அது சரி. கூலரில் நின்றிருந்த பழைய ஆயிலைக் கொட்டிக் கழுவி, புது ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டே மாட்டினேன். கிளப்பி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து இன்னும் அரை லிட்டர் சேர்த்தேன். லீக் பார்க்க சூடான இன்ஜினைவிட மறுநாள் காலைக் குளிர்ந்த இன்ஜின் நல்லது. ஆயில் கெட்டியாக இருக்கும்போதுதான் பிரஷர் உச்சத்தில் இருக்கும். கசிய வேண்டியது அப்போது கசியும்.

கிளாம்ப்பில்தான் அதிகம் மெனக்கெட்டேன். நண்பன் சைக்கிள் டியூபை வெட்டி ஹோஸ் மேல் சுற்றச் சொன்னான். வேண்டாம் என்றேன், அதுவும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் இன்னொரு பை. வாய் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி கிளாம்ப்பைத் திருப்பிப் போட்டு, உள்ளே புகுந்தது வழிந்து போக வழி விட்டேன். பிளாஸ்டிக் டையை இன்ஜின் பக்கம் நம்பவில்லை, சூட்டில் முறுகி உடைகிறது. மழை முடிந்து தை மாதத்தில் ஒருமுறை கிளாம்ப்பைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என்று ஃபோனில் நினைவூட்டலும் போட்டாயிற்று.

புது லைனோடு அதே மணலில், அதே கியரில், அதே இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். 114க்கு மேல் போகவில்லை.

டிக்கியில் இருந்த அந்த லூப்பை டிராக்டர்க்காரரிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பித்தளை வளையத்தை விரலால் தடவினார். "நல்லாத்தான் இருக்கு. வுட்டுட்டுப் போங்க சார், அடுத்த ஆடிக்கு எவனாச்சும் வருவான்" என்று சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். பிறகு, கேட்காமலே, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். புது ஹோஸைப் பார்த்தார், கிளாம்ப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து, சேசிஸை ஒட்டிப் போகும் பின் சக்கர பிரேக் குழாயை ஸ்பேனரால் தட்டினார். அதையும் ஒரு ரப்பர் கிளாம்ப்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதக் கழட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ட்ரே எடுத்து வரச் சொன்னார். அன்று வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆனது.